விதியை மாற்றுவதே ஆட்டம்: நோமிக் ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் "அந்தக் கோட்டைத் தொட்டால் அவுட் கிடையாது" என்று புது விதி சொல்கிற பிள்ளையை மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். "அழுகுணி ஆட்டம்" என்று கத்தி விரட்டிவிடுவார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது விதியில் கை வைக்கக் கூடாது என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொது.

நோமிக்கில் இது தலைகீழ். விதியில் கை வைப்பதுதான் அங்கே ஆட்டம். உங்கள் முறை வந்தால் ஒரு விதியைச் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ முன்மொழிகிறீர்கள், எல்லாரும் ஓட்டுப் போடுகிறார்கள், நிறைவேறினால் அந்த நொடியிலிருந்து ஆட்டமே வேறு.

இதை உருவாக்கியவர் பீட்டர் சூபர் என்ற தத்துவப் பேராசிரியர். சட்டத்தைத் திருத்தும் வழியைச் சொல்கிற பிரிவு தன்னையே திருத்திக்கொள்ள முடியுமா என்ற கேள்வி அவரை விடாமல் பிடித்திருந்தது. அதை ஆடியே பார்க்கலாமே என்று ஓர் ஆட்டமாக்கினார். டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் 1982 ஜூனில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் தன் பத்தியில் அதை வெளியிட்டார். கிரேக்கத்தில் 'நோமோஸ்' என்றால் சட்டம்; பெயர் அங்கிருந்து வந்தது.

புதிதாக ஆடுகிறவர்கள் புள்ளியைத் துரத்துவார்கள். நானும் அப்படித்தான். "எனக்கு 20 புள்ளி" வகை விதியாகவே முன்மொழிந்து, ஒவ்வொன்றும் தோற்று, கையில் இருந்ததையும் இழந்தேன். கண் வைக்க வேண்டிய இடம் வேறு என்று புரிய நாளாயிற்று. விதியை எப்படி மாற்றலாம் என்று சொல்கிற விதி எதுவோ, அங்கேதான் ஆட்டம் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடத்தைச் சுற்றியே போகும்.

முதல் படி: எந்த வகை ஆட்டம் என்று பிரியுங்கள்

விதி மாறும் ஆட்டங்கள் பல உண்டு. எது கையில் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: விதியை யார் எழுதுகிறார்கள்? எழுதியது எல்லாருக்கும் தெரியுமா? சண்டை வந்தால் தீர்ப்பு யாருடையது?

1997-இல் வந்த ஃப்ளக்ஸ் சீட்டாட்டத்தில் 'ஒரு சீட்டு எடு, ஒரு சீட்டு போடு' என்று தொடங்கி, போடுகிற சீட்டுகளே விதியையும் வெற்றி இலக்கையும் மாற்றிக்கொண்டு போகும். ஆனால் விதிகள் ஏற்கெனவே அச்சடித்தவை, நீங்கள் எழுதுவதில்லை. மாவோ என்ற சீட்டாட்டத்தில் ஒரு சுற்றை வென்றவர் மனசுக்குள் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்வார், வெளியே சொல்லமாட்டார். மற்றவர்கள் அபராதம் வாங்கி வாங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'ஆயிரம் வெற்றுச் சீட்டு' ஆட்டத்தில் வெள்ளைச் சீட்டில் நீங்களே படம் வரைந்து விதி எழுதுகிறீர்கள். 2019-இல் வந்த 'பாபா இஸ் யூ' கணினி விளையாட்டில் விதிகள் சொல்கட்டைகளாகத் திரையிலேயே கிடக்கும். 'சுவர் தடுக்கும்' என்பதில் ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால் சுவருக்குள் நடந்துபோகலாம். அங்கே தீர்ப்பு சொல்வது கணினி, வாதாட முடியாது. கால்வின்பால் என்று ஒரு சித்திரக்கதையில் வரும் ஆட்டத்துக்கு ஒரே நிரந்தர விதி, ஒருமுறை ஆடியது போல மறுமுறை ஆடக் கூடாது என்பது. அதில் ஓட்டும் இல்லை, நடுவரும் இல்லை. நெருங்கிய நண்பர்களுக்குள் மட்டும் அது நடக்கும், அதுவும் கொஞ்ச நேரம்.

நோமிக்கில் மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் உண்டு. விதியை ஆடுகிறவர்களே எழுதுகிறார்கள். எல்லாம் எழுத்தில், எல்லார் கண்ணுக்கும் முன்னால். தீர்ப்பு சொல்வதும் ஆடுகிறவர்களில் ஒருவர்தான். இந்தக் குடும்பத்தில் ஆழமாகக் கற்க வேண்டியது இது ஒன்றுதான் என்பது என் கருத்து; இதைப் பிடித்துவிட்டால் மற்றவை அரை மணி நேர வேலை.

இரண்டாம் படி: ஆளும் பொருளும்

நாலு முதல் ஆறு பேர் போதும். மூன்று பேர் என்றால் கூட்டணி உடனே உறைந்துவிடும். எட்டைத் தாண்டினால் உங்கள் முறை வருவதற்குள் தூங்கிவிடுவீர்கள். ஆரம்ப விதிகளின் அச்சுப்படி ஆளுக்கொன்று, ஒரு பகடை, ஒரு நோட்டு. நோட்டுக்கு ஒருவர் பொறுப்பு. அவரும் ஆடலாம், ஆனால் ஓட்டு முடிந்ததும் நிறைவேறிய வாசகத்தை எழுதி, சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கொரு விதிப்புத்தகம் தலைக்குள் இருக்கும்.

மூன்றாம் படி: 29 விதிகளைச் சரியான வரிசையில் படியுங்கள்

சூபரின் தொகுப்பில் மொத்தம் 29 விதிகள். 101 முதல் 116 வரை 16 மாறா விதிகள், 201 முதல் 213 வரை 13 மாறும் விதிகள். மாறா விதி என்றால் கல்வெட்டு என்று நினைக்க வேண்டாம். அதை மாற்ற ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும், அவ்வளவுதான்.

101-இல் ஆரம்பித்து வரிசையாகப் படித்தால் பாதியில் கண் சொக்கும். என் வரிசை இது. முதலில் மாற்றம் பற்றியவை: 103, 109, 115, 203. அடுத்து மோதல் பற்றியவை: 110, 211. அப்புறம் நடுவர் பற்றிய 212, முட்டுச்சந்து பற்றிய 213. கடைசியில் புள்ளி: 202, 204, 206, 208. மீதியை ஒருமுறை புரட்டினால் போதும்.

இதில் 115 சின்னது, ஆனால் சூபரின் கேள்விக்கு அவரே எழுதிவைத்த பதில் அதுதான். விதி மாற்றத்துக்கு வழிசெய்யும் விதிகளையும் மற்ற விதிகளைப் போலவே மாற்றலாம், மாற்றும் அதிகாரத்தைத் தருகிற அந்த விதி உட்பட, என்கிறது அது. அடிமடியில் கை வைக்க ஆட்டமே அனுமதி தருகிறது. 116-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்: தடுக்கப்படாதது எல்லாம் அனுமதிக்கப்பட்டது, விதியை மாற்றுவது ஒன்றைத் தவிர. ஓட்டை தேடுகிறவர்களுக்கு இதுதான் வாசல்.

நான்காம் படி: ஒரு முறை எப்படி நடக்கும்

உங்கள் முறையில் இரண்டு வேலை. ஒரு விதி மாற்றத்தை எழுதி முன்மொழிந்து ஓட்டுக்கு விடுவது. பிறகு ஒரு தடவை பகடை வீசி, விழுந்ததைப் புள்ளியில் சேர்ப்பது. முன்மொழிவுகளுக்கு 301 முதல் எண் ஓடும். தோற்றதற்கும் எண் உண்டு. வாய்வழி முன்மொழிவு செல்லாது. எல்லாரும் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும், நடுநிலை என்று நழுவ முடியாது. முன்தேதியிட்டு எந்த மாற்றமும் செல்லாது.

100 புள்ளியை முதலில் எட்டுகிறவர் வென்றார். கணக்கைப் பாருங்கள். பகடையின் சராசரி 3.5. பகடையை மட்டும் நம்பினால் 100-ஐ எட்ட ஆளுக்குச் சுமார் 29 முறை வேண்டும். ஐந்து பேர் என்றால் 140 முறைக்கு மேல். யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. இந்தப் பகடை ஏற்பாட்டைச் சலிப்பூட்டும்படியே சூபர் வைத்தார். ஆடுகிறவர்கள் சீக்கிரம் அதை மாற்றித் தங்களுக்குப் பிடித்த ஆட்டமாக்கிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு சுற்று

தொடக்கத்தில் எந்த மாற்றத்துக்கும் ஒருமனதான ஓட்டு வேண்டும். ஒருவர் 'இல்லை' என்றாலே முன்மொழிவு விழும். முன்மொழிந்தவர் விதி 206-இன்படி 10 புள்ளியை இழப்பார். 10 புள்ளி என்பது கிட்டத்தட்ட மூன்று வீச்சு. அதனால் இந்தக் கட்டத்தில் யாருக்கும் உறுத்தாத, எல்லாருக்கும் பயன்படும் மாற்றங்களே நிறைவேறும். 'பகடை ஒன்றுக்குப் பதில் இரண்டு வீசலாம்' என்பது போல. புள்ளி கழிந்து பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம், பயப்பட வேண்டாம்.

இந்த நேரத்தில் கவனிக்க வேண்டியது விதி 203. ஒருமனதான ஓட்டு வேண்டும் என்று சொல்வதும் அதுதான். இரண்டாம் சுற்று முடிவதற்குள் தான் திருத்தப்படாவிட்டால், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று தானாகவே மாறிவிடுவேன் என்று சொல்வதும் அதுதான். அந்த வாசகத்தை நேராகப் படித்துப் பாருங்கள். 'திருத்தப்படாவிட்டால்' என்றுதான் இருக்கிறது. எப்படித் திருத்தினால் என்று இல்லை. யாராவது அப்பாவி போல, 'இந்த வரியில் சொல் சரியில்லை, சீர்செய்கிறேன்' என்று ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்து எல்லாரும் கைதூக்கிவிட்டால், தானாக மாறும் ஏற்பாட்டுக்கான நிபந்தனையே போய்விடுகிறது. ஆட்டம் ஒருமனதிலேயே சிக்கிக்கொள்ளும். முன்னணியில் இருப்பவருக்கு அது வசதி. எனவே 203-ஐத் தொடுகிற எந்த முன்மொழிவும், எவ்வளவு இனிக்க இனிக்கச் சொல்லப்பட்டாலும், இரண்டு தடவை படித்த பிறகே கை தூக்குங்கள்.

ஆறாம் படி: பெரும்பான்மை வந்த பிறகு ஓட்டின் கணக்கு

ஆட்டம் சூடு பிடிப்பது இங்கேதான். ஒருமனது தேவையில்லாத நிலை வந்ததும் விதி 204 விழித்துக்கொள்கிறது: வென்ற முன்மொழிவுக்கு எதிராக ஓட்டுப் போட்டவருக்குத் தலா 10 புள்ளி. தோற்ற சிறுபான்மைக்கு ஆறுதல் பரிசு போலத் தெரியும். உண்மையில் அது ஒரு கண்ணி.

ஐந்து பேர் ஆடுகிறீர்கள், மூன்று ஓட்டு வேண்டும் என்று வையுங்கள். முன்மொழிவு எல்லாருக்கும் பிடித்தமானது. நிறைவேறும் என்று உறுதியாகத் தெரிந்தால் எதிராகப் போடுவதே லாபம், 10 புள்ளி சும்மா வரும். ஆனால் மூன்று பேர் அப்படி நினைத்துவிட்டால் முன்மொழிவு விழும். யாருக்கும் பத்து வராது, நல்ல விதியும் போச்சு. ஆக எல்லார் மனசிலும் ஒரே எண்ணம்: இது நிறைவேற வேண்டும், ஆனால் என் ஓட்டு இல்லாமல். அதனால்தான் ஓட்டு எந்த வரிசையில் போடப்படுகிறது என்பதே பெரிய விஷயமாகிவிடுகிறது. ஒருவர் பின் ஒருவராகச் சொன்னால் கடைசியில் சொல்பவர் ராஜா. ஒரே நேரத்தில் சொல்ல வேண்டுமா என்று ஆரம்ப விதிகள் எதுவும் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டைவிரலைக் காட்டுவது என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

இன்னொன்றும் இருக்கிறது. தன் முன்மொழிவுக்குத் தானே எதிராக ஓட்டுப் போடக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. தடுக்கப்படாதது அனுமதிக்கப்பட்டது. எல்லாருக்கும் இனிக்கிற ஒரு விதியைக் கொண்டுவாருங்கள். நாலு பேர் ஆதரிக்கட்டும். நீங்கள் மட்டும் 'இல்லை' என்று சொல்லுங்கள். நிறைவேறும், உங்களுக்கு 10 வரும். ஒருமுறை பலிக்கும். அடுத்த முறை மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து எதிராகப் போடுவார்கள், 10 போகும்.

ஏழாம் படி: எண்ணைக் கவனியுங்கள்

பலர் தாண்டிப்போகிற இடம் இது. மாறா விதியும் மாறும் விதியும் மோதினால் மாறா விதியே வெல்லும். இரண்டு மாறும் விதிகள் மோதினால் எண் சிறியது வெல்லும். இதுவரை சரி. ஆனால் 108 என்ன சொல்கிறது? ஒரு விதி திருத்தப்பட்டால் அது திருத்திய முன்மொழிவின் எண்ணைப் பெறுகிறது. அதாவது 204-ஐ முன்மொழிவு 309 திருத்தினால், இனி அது விதி 309.

விளைவு என்ன தெரியுமா? ஒரு விதியை வலுப்படுத்த நினைத்துத் திருத்துகிறீர்கள், அது வரிசையில் பின்னால் போய்விடுகிறது. நேற்றுவரை 205-ஐ வென்றது, இன்று 305-இடமும் தோற்கும். ஒரு விதியை நைசாக முடக்க வேண்டும் என்றால் நீக்கச் சொல்லிக் கத்த வேண்டாம். 'இன்னும் தெளிவாக்குகிறேன்' என்று திருத்தினாலே போதும். இதற்கு மாற்றும் 211-லேயே உண்டு. ஒரு விதி இன்னொன்றுக்கு மேல் தான் செல்லும் என்றோ, அதற்குத் தான் விட்டுக்கொடுக்கும் என்றோ வெளிப்படையாகச் சொன்னால் எண் கணக்கு பார்ப்பதில்லை. எனவே முக்கியமான விதியைத் திருத்தும்போது 'இன்ன விதியோடு மோதினால் இதுவே செல்லும்' என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். இரண்டு விதிகள் ஒன்றை ஒன்று மிஞ்சுவதாகச் சொன்னால் மறுபடி எண்தான்.

மாறும் விதிகள் 25-ஐத் தாண்டக் கூடாது என்று 209 சொல்கிறது. தொடக்கத்தில் 13. பன்னிரண்டு புது விதி வந்தால் கடை மூடிவிடும். அதன் பின் ஒன்றை நீக்காமல் ஒன்றைச் சேர்க்க முடியாது.

எட்டாம் படி: விதியை எழுதும் விதம்

ஒரு முன்மொழிவில் ஒரே கருத்து. நீளமானால் யாராவது ஒரு பாதியை வெறுத்து முழுவதையும் வீழ்த்துவார்கள். புதுச் சொல்லைப் பயன்படுத்தினால் அதற்கு அங்கேயே பொருள் சொல்லுங்கள். 'தங்க நாணயம் உள்ளவர்' என்று எழுதிவிட்டு, நாணயம் எப்படி வரும், எத்தனை வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொடுக்கலாமா என்று சொல்லாவிட்டால் அடுத்த முறைக்காரர் தனக்கு ஆயிரம் நாணயம் இருக்கிறது என்பார். தடுக்கவும் வழி இருக்காது.

எழுதியதை உங்கள் எதிரியின் கண்ணால் ஒருமுறை படியுங்கள். 'ஒவ்வொரு முறையும் 5 புள்ளி' என்றால் யாருடைய முறை? 'இடப்பக்கத்தில் இருப்பவர்' என்றால், எழுந்துபோய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தால்? சிரிக்க வேண்டாம், நாற்காலி மாறி உட்கார்ந்து புள்ளி கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். நடுவர் அதை ஒப்புக்கொண்டார்.

ஒன்பதாம் படி: நடுவர் யார் என்று முன்பே தெரியும்

ஒரு நகர்வு செல்லுமா என்று சண்டை வந்தால் யார் வேண்டுமானாலும் தீர்ப்பு கேட்கலாம். அப்போது ஆடிக்கொண்டிருப்பவருக்கு முந்தைய முறைக்காரர் நடுவர். ஆட்டம் கடிகாரச் சுற்றில் போவதால் அவர் உங்கள் வலப்பக்கத்தில் இருப்பவர். எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் ஆட்டம்தான் என்று இப்போது புரிந்திருக்கும். நாற்காலி மாறியவர் என் கண்ணில் அவ்வளவு முட்டாளாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

தீர்ப்பைப் புரட்ட வேண்டுமானால் மற்ற எல்லாரும் ஒருமனதாக, அடுத்த முறை தொடங்கும் முன் ஓட்டுப் போட வேண்டும். புரட்டினால் அதற்கும் முந்தையவர் நடுவராகிறார். பழைய நடுவரின் தீர்ப்பு புதியவரைக் கட்டுப்படுத்தாது. விதி மௌனமாகவோ குழப்பமாகவோ இருந்தால் நடுவர் முதலில் ஆட்டத்தின் வழக்கத்தையும் அதன் மனப்பான்மையையும் பார்க்க வேண்டும் என்று 212 சொல்கிறது. ஆகவே வாதாடும்போது 'இது அநியாயம்' என்று கத்துவதைவிட 'மூன்றாம் சுற்றில் இதையேதானே அனுமதித்தோம்' என்பது எடுபடும்.

நீங்கள் நடுவரானால் தீர்ப்பை எந்த விதிகளை வைத்துச் சொன்னீர்கள் என்று நோட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த நடுவரை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வழக்கம் என்று சொல்ல ஓர் ஆதாரம் இருக்கும்.

பத்தாம் படி: மாறா விதியும் முரண் வெற்றியும்

மாறா விதியைத் தொட இரண்டு படி. முதலில் ஒருமனதாக அதை மாறும் விதியாக்க வேண்டும். அடுத்த முன்மொழிவில்தான் திருத்தலாம். இந்த இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு முறை வேறு ஒருவருடையது. கதவை நீங்கள் திறந்துவைக்கிறீர்கள், முதலில் உள்ளே நுழைவது அவர். வெற்றி என்பது புள்ளியில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் 112-ஐ இளக்க நினைத்தால், உங்களுக்கு அடுத்து இருப்பவர் என்ன செய்வார் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக 213. ஒரு நகர்வு சரி, தப்பு இரண்டும் சம அளவில் என்று நடுவருக்குத் தோன்றி, அந்தத் தீர்ப்பு புரட்டப்படாவிட்டால், முறையை முடிக்க முடியாமல் முதலில் நிற்பவர் வென்றார். வேறெந்த வெற்றி விதிக்கும் மேலே இதுதான் செல்லும். ஒரு புள்ளிகூட இல்லாமல் வெல்லும் வழி. ஓர் உதாரணம்:

விதி 305: 'விதி 306 அனுமதித்தால் மட்டுமே பகடை வீச்சு செல்லும். விதி 202-உடன் மோதினால் இதுவே செல்லும்.'

விதி 306: 'விதி 305-இன்படி செல்லாத வீச்சை மட்டுமே இந்த விதி அனுமதிக்கிறது.'

306 நிறைவேறிய கையோடு அதை முன்மொழிந்தவர் பகடை வீச வேண்டும். வீச்சு செல்லும் என்றால் 306 அனுமதிக்காது, எனவே செல்லாது. செல்லாது என்றால் 306 அனுமதிக்கிறது, எனவே செல்லும். மாட்டிக்கொண்டார், அதனாலேயே வென்றார். 305-இன் இரண்டாவது வாக்கியம் எதற்கு என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நடுவர், '202-இன் எண் சிறியது, வீச்சு செல்லும், உட்காருங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இவ்வளவு பச்சையாக எழுதினால் யாரும் ஓட்டுப் போடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். இரண்டு பாதியையும் வெவ்வேறு சுற்றில், வெவ்வேறு நோக்கம் சொல்லி நட வேண்டும். முதல் பாதியை இன்னொருவரே முன்மொழிந்தால் இன்னும் நல்லது. எதிர்கால விதி மாற்றம் பற்றிச் சேர்ந்து சதி செய்யவோ கலந்து பேசவோ கூடாது என்ற 210 அதற்குக் குறுக்கே நிற்கிறது. நடைமுறையில் எல்லாரும் மீறுகிற விதி அதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் ஓடும் நோமிக்கில் சேர்வதானால்

அகோரா என்ற நோமிக் 1993 ஜூன் 30 முதல் மின்னஞ்சல் வழியாக இன்றுவரை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மாறும் விதி, மாறா விதி என்ற பிரிவை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு விதிக்கும் 'பவர்' என்று ஓர் எண், பெரிய எண் சிறியதை வெல்லும். விதி மாற்றமே இயலாமல் ஆட்டம் உறைந்துபோவது அவர்களுக்குப் பெரிய பயம். நியாயமான வழிகளில் முயன்றும் நான்கு வாரத்துக்குள் விதியை மாற்ற முடியாத நிலைக்குத் தள்ளும் எந்த மாற்றமும் செல்லாது என்று ஒரு விதியே வைத்திருக்கிறார்கள். பல வருடம் கழித்து ஒரு பழைய தப்பு வெளியே வந்தால், அதற்குப் பின் நடந்ததெல்லாம் செல்லுமா என்ற கேள்வி எழுமே? அதற்கும் ஏற்பாடு உண்டு: குறிப்பிட்ட சில அறிக்கைகளை ஒரு வாரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால், தப்பாக இருந்தாலும் அவை உண்மையாகிவிடும்.

பிளாக்நோமிக் 2003-இல் தொடங்கியது. அங்கே ஒருவர் வென்றால் அவர் 'பேரரசர்' ஆகிப் புதுக் கருப்பொருளைத் தேர்ந்தெடுப்பார், பெரும்பாலான விதிகள் துடைக்கப்பட்டு அடுத்த 'வம்சம்' தொடங்கும். புதிதாகச் சேர்பவருக்கு இது எளிது. வம்சத்தின் தொடக்கத்தில் நுழைந்தால் எல்லாரும் உங்களைப் போலவே புதியவர்கள். அகோராவில் அப்படி இல்லை. அங்கே முதல் இரண்டு வாரம் எதையும் முன்மொழியாமல், அன்றன்று நடக்கும் தீர்ப்புகளை மட்டும் படித்து வாருங்கள். ஒவ்வொரு தீர்ப்பும் எந்த விதியை மேற்கோள் காட்டுகிறதோ அதை மட்டும் விதித்தொகுப்பில் தேடிப் படித்தால், ஆட்டம் இப்போது எந்த விதிகளின் மேல் நிற்கிறது என்பது தானாகப் பிடிபடும்.